மாமாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியில் "க்ரூப்" என்று இருக்கிறது, என்ன விலை போகும்?

04.03.2023, வெருலம் (கேள்வி)

எங்கள் மாமா போன வருடக் கடைசியில் காலமானார். இங்கே தென்னாப்பிரிக்காவில், ஸ்டேங்கர் பக்கம் கரும்பு போட்டவர். அவருடைய 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக் குழல் இப்போது துப்பாக்கிக் கடையில் பாதுகாப்பில் இருக்கிறது. குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் சுத்தி) வெளியே தெரியாத வகை. குழல்மேல் "க்ரூப் எசன்" என்றும், மூன்று வளையம் பின்னிய அடையாளமும் உண்டு. வேறு கம்பெனிப் பெயர் எங்கும் காணோம். ஜெர்மனியில் பீரங்கி செய்த க்ரூப் கம்பெனி செய்தது, பெரிய விலை போகும் என்று கோயிலில் பார்த்த ஒருவர் அத்தையிடம் சொல்லிவிட்டார். கடைக்காரர் சொல்கிற விலையோ பாதுகாப்புக் கட்டணத்துக்கே சரியாகப் போய்விடும். யார் சொல்வது சரி?

05.03.2023, டொங்காட்

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை.

க்ரூப் செய்தது எஃகை. துப்பாக்கி செய்தவன் வேறு ஆள். எசன் நகரத்து க்ரூப் ஆலையின் எஃகுக் குழல்களை ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் எத்தனையோ பட்டறைகள் வாங்கிப் பூட்டின. நல்ல எஃகு என்று வாங்குபவனுக்குத் தெரியட்டும் என்று அந்தப் பெயரைப் பெரிதாக வெட்டினார்கள். "காக்கரில்" என்று வெட்டியிருப்பதும் இதே சங்கதிதான். அது லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் செராங்கில் இருந்த எஃகு ஆலை. இங்கே பழைய லைசன்ஸ் அட்டைகளில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் "க்ரூப்" என்றே டைப் அடித்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதியவர் கண்ணில் பட்ட பெயரை எழுதினார், அவ்வளவுதான்.

மேலே எழுதியிருப்பதை விடுங்கள், குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தோட்டா போகிற இடத்துக்குக் கீழே, இரண்டு குழலுக்கும் தட்டையான பாகம் இருக்கும். துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துச் சோதிக்கிற சாலையின் முத்திரைகளெல்லாம் அங்கேதான் இருக்கும். மேலே எதை வேண்டுமானாலும் வெட்டலாம். அடியில் இருப்பதுதான் அதன் பிறப்புச் சான்றிதழ்.

05.03.2023, டொங்காட் (இரவு)

ஒன்று விட்டுப்போயிற்று. தம்பி, நீங்களாகக் கழற்ற வேண்டாம். லைசன்ஸ் மாமா பெயரில் இருந்தது. இப்போது அதற்குப் பொறுப்பு மாமா விட்டுப்போன சொத்தின் (எஸ்டேட்டின்) நிர்வாகி. கடைக்காரரையே கழற்றச் சொல்லி, அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வாங்குங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நேராக வெளிச்சம் விழுந்தால் தேய்ந்த முத்திரை கண்ணுக்கே தெரியாது.

09.03.2023, வெருலம்

படம் வந்துவிட்டது அண்ணே. முட்டை வடிவத்துக்குள் இ, எல், ஜி என்ற எழுத்துகள், அதன்மேல் கிரீடம். சின்னக் கோபுரம் மாதிரி ஒன்று. சிங்கம், அதற்குக் கீழே பி.வி. (PV). நட்சத்திரம் போட்ட ஆர் எழுத்து. சாய்சதுரத்துக்குள் 12, சி. அப்புறம் 18.3 என்ற எண். மரத்தோடு சேரும் இடத்தில் சின்ன விரிசல் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.

09.03.2023, டொங்காட்

ஜெர்மனி இல்லை. பெல்ஜியம், லியேஜ் நகரம்.

முட்டைக்குள் இருப்பது லியேஜ் சோதனைச் சாலையின் முத்திரை. அதன் தலையில் கிரீடம் ஏறியது 1893-இல், ஆகவே அதற்கு முந்தியது இல்லை. சிங்கமும் பி.வி.யும் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த அடையாளம், 1898 முதல் வருவது. கோபுரம் லியேஜ் ஊரின் பழைய சின்னம், 1853-இலிருந்தே குத்துகிறார்கள், அதனால் காலம் கணிக்க உதவாது. நட்சத்திரம் போட்ட ஆர், சோதித்த ஆளின் அடையாளம். 1877 வரை அந்த எழுத்தின் மேல் கிரீடம் இருந்தது, அப்புறம் நட்சத்திரமாயிற்று. சாய்சதுரம் 12 போர் என்கிறது. 18.3 என்பது துளையின் விட்டம், மில்லிமீட்டரில்.

1922 முதல் லியேஜில் ஆண்டுக்கு ஓர் எழுத்து குத்தத் தொடங்கினார்கள். உங்கள் படத்தில் அது இல்லை. ஆகவே 1898-க்கும் 1921-க்கும் நடுவில் பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நூறு வயது தாண்டிய, பெயரில்லாத, வேலைக்கென்று செய்த துப்பாக்கி. இப்படிப்பட்டவை லியேஜிலிருந்து உலகம் முழுக்கக் கப்பல் ஏறின. வீட்டில் ஆள் வேலைமேசை வைத்து ஒரு பாகத்தை மட்டும் செய்வான், இன்னொரு வீட்டில் இன்னொரு பாகம், கடைசியில் ஒரு வியாபாரி சேர்த்துப் பூட்டி விற்பான். அதனால் தயாரிப்பாளர் யார் என்று தேடி அலைய வேண்டாம். பல துப்பாக்கிகளுக்கு ஒற்றைத் தயாரிப்பாளர் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

10.03.2023, சாட்ஸ்வொர்த் (வாசகர்)

நூறு வருடம் தாண்டினால் அது பழம்பொருள்தானே? லைசன்ஸே வேண்டாமே. அத்தை வீட்டுச் சுவரில் மாட்டிவிடலாம்.

10.03.2023, டொங்காட்

தயவுசெய்து இதை யாரும் நம்பி நடக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிச் சட்டம், 2004 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது, பழம்பொருள் என்று சொல்வது முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியை. அதுவும் 1900 ஜனவரி 1-க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும். பின்னால் மடக்கித் தோட்டா போடுகிற எதுவும், 1880-இல் செய்ததானாலும், லைசன்ஸ் வேண்டிய சாமான்தான். சுவரில் மாட்டினால் அத்தையைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

சட்டத்துக்குள் வழி மூன்று நான்குதான். வாரிசு ஒருவர் தன் பெயரில் லைசன்ஸ் கேட்கலாம். கடை மூலம் விற்கலாம். கன்ஸ்மித்தை (துப்பாக்கி பழுதுபார்ப்பவரை) கொண்டு சுடவே முடியாதபடி செயலிழக்கச் செய்து வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் போலீஸில் ஒப்படைக்கலாம். 2019 டிசம்பரில் தொடங்கிய பொதுமன்னிப்பிலும், 2020 ஆகஸ்டில் தொடங்கிய அடுத்ததிலும் நம் பக்கத்துப் பழைய இரட்டைக் குழல்கள் எத்தனையோ அப்படியே போயின. ஒப்படைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையில் இருப்பது என்ன என்று ஒருவரிடமாவது காட்டிவிட்டு ஒப்படைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

12.03.2023, டொங்காட்

தோட்டா விஷயம். இதைத் தனியாக எழுதுகிறேன், காரணம் இதில் உயிர் இருக்கிறது.

அந்தக் காலத்து 12 போரில் தோட்டா உட்காரும் அறை பெரும்பாலும் 65 மி.மீ. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70. போட்டுப் பார்த்தேன், சரியாகப் போகிறது, மூடுகிறது, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். போகும். தோட்டாவின் வாய் மடித்திருப்பதால் சுடும் முன் அது குட்டை. 70 என்பது சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் அறை குறுகும் வாயில் போய் நிற்கும். ரவை வெளியேறும் வழி நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறும். மூடுகிறது என்பது எதற்கும் சாட்சி இல்லை.

உங்கள் முத்திரையில் அறை நீளம் எழுதவில்லை. ஆகவே கடைக்காரரை அளவுகோல் விட்டு அளக்கச் சொல்லுங்கள். இடையில் யாராவது கடைந்து நீட்டியும் இருக்கலாம். நீட்டியிருந்தால் அந்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கும். அதுவும் விலையைக் குறைக்கும்.

இன்னொன்று. 20 போர் தோட்டாவை 12 போர் பையில் போடவே கூடாது. அது 12-இன் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். சுட்டவன் காலி என்று நினைத்துப் பின்னால் 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும், இடது கை போய்விடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததே இதற்காகத்தான்.

13.03.2023, பீனிக்ஸ் (வாசகர்)

எங்கள் தாத்தாவினுடையதில் குழல் முழுக்க ரிப்பன் சுற்றின மாதிரி வரிவரியாக இருக்கிறது. அதற்கும் இதே கணக்கா?

13.03.2023, டொங்காட்

அது டமாஸ்கஸ் வகை. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சேர்த்து, பட்டையாக்கி, உருளையில் சுற்றி அடித்து ஒட்டியது. லியேஜுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இதற்கென்றே குடும்பங்கள் இருந்தன. கறுப்பு மருந்துக் காலத்துச் சாமான். புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை அடியில் இல்லையென்றால் இன்றைய தோட்டாவை அதில் போடாதீர்கள். முத்திரை இருந்தாலும், அது குத்தின நாளில் குழல் இருந்த நிலைக்குத்தான் சாட்சி. அதற்குப் பிறகு எத்தனை பேர் உள்ளே தேய்த்துச் சுத்தம் செய்தார்கள் என்று முத்திரைக்குத் தெரியாது.

சில மலிவுத் துப்பாக்கிகளில் சாதா எஃகின்மேல் அமிலத்தால் இந்த வரியைப் போட்டிருப்பார்கள். குழலுக்கு அடியில் கை பிடிக்கிற முன்கட்டையைக் கழற்றி அடியில் பாருங்கள். போலி வரி பெரும்பாலும் அந்த மறைவிடம் வரைக்கும் வராது.

16.03.2023, டொங்காட்

விலை கேட்டவருக்கு நிலை சொல்லாமல் விலை சொல்ல முடியாது. கடையில் போய் நிற்கும்போது நான் பார்ப்பது இவை.

முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைப் பூட்டி, ஆட்டிப் பார்ப்பேன். முன்கட்டையில் இருக்கிற ஸ்பிரிங் தளர்வை மறைத்துவிடும், அதனால் அதைக் கழற்றாமல் ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அப்புறம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் குழலின் பின்முகத்துக்கும் உடம்புக்கும் நடுவில் கீற்று தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் பூட்டு தேய்ந்திருக்கிறது. சரிசெய்யலாம், ஆனால் இந்த ரகத் துப்பாக்கிக்கு அந்தச் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும்.

பல பெல்ஜியன்களில் இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் மேல்பட்டையின் நீட்சி ஒன்று உடம்புக்குள் போய், குறுக்கே ஒரு ஆணி வந்து பூட்டும். கிரீனர் என்ற இங்கிலீஷ் கம்பெனியைப் பார்த்துச் செய்தது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் மலிவு ரகங்களில் அந்த ஆணி பல நேரம் சும்மா ஓட்டைக்குள் போய்வரும், எதையும் தாங்கிப் பிடிக்காது. அதைக் காட்டி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள்.

குழலைத் தனியாக, அடிக் கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தால் இரண்டு குழலும் பட்டையும் இறுக்கமாக ஒட்டியிருக்கின்றன. ஓட்டைத் தகரம் போல் டொக்கென்று நின்றால் ஈயப் பற்று எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நம் கடற்கரைக் காற்றில் இது முக்கியம். பட்டைக்கு அடியில் உப்பு ஈரம் இறங்கினால் வெளியே தெரியாமல் உள்ளேயே அரிக்கும். கம்பளி உறையிலும் தோல் உறையிலும் வருடக்கணக்கில் போட்டு வைத்ததை நான் நம்பவே மாட்டேன், அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

என் சொந்தத் துப்பாக்கிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நிறம் போய்விட்டதே என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர் கொதிக்கும் உப்புத் தொட்டியில் முக்கிக் கறுப்பேற்றிவிட்டார். ஒற்றைக் குழல் ரைபிளுக்கு அது சரி. இரட்டைக் குழலில் பட்டையை ஒட்டியிருப்பது மெல்லிய ஈயப் பற்று. அந்தக் காரம் அதைத் தின்றுவிடும். பளபளவென்று திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் பட்டை ஒரு முனையில் தூக்கிக்கொண்டது. பழையபடி துருவேற்றிக் கறுப்பாக்கும் மெதுவான முறைதான் இதற்கு ஏற்றது. புதுசாகப் பளபளக்கிற பழைய இரட்டைக் குழலைக் கண்டால் முதலில் நான் பட்டையின் ஓரத்தைத்தான் பார்ப்பேன்.

16.03.2023, டொங்காட்

தொடர்ச்சி. முன்வாயைப் பாருங்கள். வெட்டாத இரட்டைக் குழலில் வாய்ப்பக்கம் இரண்டும் அநேகமாக ஒன்றை ஒன்று தொடும். நடுவில் இடைவெளி இருந்து அதை ஈயத்தாலோ தகட்டாலோ அடைத்திருந்தால் யாரோ அறுத்திருக்கிறார்கள். சோக்கும் (ரவை சிதறாமல் இருக்க வாயில் உள்ள சுருக்கம்) அதோடு போயிற்று, விலையும் போயிற்று.

திருகாணித் தலைகள் கடித்துக் குதறியிருந்தால், திறக்கத் தெரியாதவர் திறந்திருக்கிறார்.

சுவர்த் தடிமன்தான் கடைசிச் சொல். மிக மெல்லிய இடத்தில் 20 தௌ, அதாவது 0.5 மி.மீ. இருந்தால்தான் நான் தோளில் வைப்பேன். அதற்குக் கீழே என்றால் எனக்கு வேண்டாம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளக்கிற கருவி இருக்கிற கன்ஸ்மித்திடம்தான் போக வேண்டும்.

19.03.2023, பீட்டர்மரிட்ஸ்பர்க் (வாசகர்)

என்னிடம் "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" இருக்கிறது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்தானே? அது பெரிய இங்கிலீஷ் கம்பெனி அல்லவா?

19.03.2023, டொங்காட்

வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பெரிய கம்பெனிதான். அங்கே வேலை பார்த்த ஆன்சன், டீலி இரண்டு பேரும் 1875-இல் காப்புரிமை வாங்கிய பாக்ஸ்லாக் (பொறி உடம்புக்குள்ளேயே அடங்கிய) அமைப்புதான் இன்று நாம் பேசுகிற எல்லா வேலைத் துப்பாக்கிக்கும் தாய். ஆனால் வெறும் "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று வெட்டியவற்றில் பல பெல்ஜியத்திலிருந்து வந்தவை, பெயர் ஒலியை நம்பி விற்றவை. மறுபடி அதே பதில்தான், அடியைப் பாருங்கள். பர்மிங்காம் என்றால், 1904-க்கு முன் குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோல்கள் கிரீடத்தோடு இருக்கும். அதற்குப் பின் கிரீடத்தின் கீழ் பி.பி. (BP), பி.வி. (BV), புகையில்லா மருந்துக்கு என்.பி. (NP). 1954-க்குப் பிறகு பி.என்.பி. (BNP). முட்டைக்குள் இ.எல்.ஜி. இருந்தால் மேலே என்ன எழுதியிருந்தாலும் லியேஜ்தான்.

ஸ்பெயின் எய்பார் என்றால் 1927-இலிருந்து ஆண்டெழுத்து உண்டு, ஏ என்றால் 1927. அமெரிக்க ஸ்டீவன்ஸ் 311 மாதிரியானவற்றில் அரசாங்கச் சோதனை முத்திரையே இருக்காது. அங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. முத்திரை இல்லை என்பதற்காக அதைச் சந்தேகப்பட வேண்டாம். கனமான, முரட்டுத்தனமான, நம்பகமான சாமான்.

22.03.2023, டொங்காட்

இப்போது விலை. ரேண்டில் எண் சொல்லப் போவதில்லை. வாங்குகிறவன் எப்படிக் கணக்குப் போடுகிறான் என்று சொல்கிறேன், அது தெரிந்தால் கடையில் பேசலாம்.

சாதாரண ஆளுக்கு அந்தச் சட்டத்தின் பிரிவு 15-இல் (வேட்டைக்கும் விளையாட்டுக்கும்) கிடைப்பது அதிகபட்சம் 4 லைசன்ஸ். தற்காப்புக்காகப் பிரிவு 13-இல் ஒன்று வைத்திருந்தால் இது 3 ஆகிவிடும். அந்த இடங்களில் ஒன்றை உங்கள் மாமாவின் துப்பாக்கிக்குக் கொடுக்க அவன் யோசிப்பான். விண்ணப்பம், கைரேகை, காத்திருப்பு, 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. இத்தனையும் ஒரு புது பைக்காலுக்கும் (ரஷ்ய வேலைத் துப்பாக்கி) ஒன்றுதான், பழைய பெல்ஜியனுக்கும் ஒன்றுதான். பைக்கால் 70 மி.மீ. தோட்டாவைக் கேள்வி கேட்காமல் ஏற்கும். அதனால்தான் பெயரில்லாத பழைய துப்பாக்கி எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் புது வேலைத் துப்பாக்கி ஒன்றின் விலையை இங்கே எட்டாது. கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை.

ஆனால் அடிமாட்டு விலைக்கும் கொடுக்க வேண்டாம். சுவர் கனமாக, பூட்டு இறுக்கமாக, அறை கடையாமல், வாய் அறுக்காமல் இருந்தால் அது ஒரு தனிப் படி. எஜெக்டர் (சுட்ட தோட்டாவைத் தானே வெளியே எறிகிற அமைப்பு) இருந்தால் இன்னொரு படி. இதில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் அது உதிரிப் பாக விலைக்கு இறங்கிவிடும். கடைக்காரர் அளந்து பார்த்த பிறகு சொன்ன விலையா, பார்த்த மாத்திரத்தில் சொன்ன விலையா என்று கேளுங்கள்.

23.03.2023, உம்சிண்டோ (வாசகர்)

எங்கள் பெரியப்பாவும் இப்படி ஒன்றுதான் வைத்திருந்தார். ஒரு குழலில் சின்ன ரவை, இன்னொன்றில் பெரிய ரவை. காலையில் கினிக்கோழி, ராத்திரி காட்டுப்பன்றி.

23.03.2023, டொங்காட்

அதுதான் அதன் அழகு. இரண்டு விசை, இரண்டு குழல், இரண்டு விதத் தோட்டா, எதைச் சுடுவது என்பதை விரல் அந்த நொடியில் முடிவு செய்யும். வலது குழல் கொஞ்சம் திறந்த சோக், இடது இறுக்கமான சோக். கரும்பு வெட்டி முடிந்த வயலின் ஓரத்தில் எங்கள் அப்பா நின்ற இடத்துக்கு இது போதும். பன்றி கரும்பைத் தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். ஒரு ராத்திரியில் ஒரு வரிசையே படுத்துவிடும். அப்பாவின் துப்பாக்கியில் கட்டையின் கன்னம் படும் இடம் வழுவழுவென்று கறுத்து, செதுக்கிய கோடுகள் பிடியில் முழுசாகத் தேய்ந்திருந்தன. சேகரிப்பவர்கள் அதைக் குறை என்று எழுதுவார்கள். வேலை செய்த துப்பாக்கிக்கு நான் அதைக் குறையாக எண்ணமாட்டேன். துரு குறை. அறுத்த வாய் குறை. கை பட்டுத் தேய்ந்தது குறை இல்லை.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. நேற்று வாங்குகிறவன் கணக்கை மட்டும் சொன்னேன். வைத்துக்கொள்கிறவன் கணக்கு வேறு. குடும்பத்தில் சுடத் தெரிந்த, லைசன்ஸ் எடுக்கப் பொறுமை உள்ள ஒருவர் இருந்தால், அந்தச் சந்தை விலையைப் போல நாலு மடங்கு கொடுத்தாலும் இன்னொன்று இப்படிக் கிடைக்காது. அப்படி ஒருவர் இல்லையென்றால் பாசத்துக்காகக் கட்டணம் கட்டிக்கொண்டே போக வேண்டாம், விற்றுவிடுங்கள்.

02.04.2023, வெருலம்

கன்ஸ்மித் அளந்துவிட்டார் அண்ணே. அறை 65. வலது குழல் மெல்லிய இடத்தில் 0.75, இடது 0.7. மணி மாதிரி ஒலிக்கிறதாம். பூட்டில் தளர்வு இல்லை. எஜெக்டர் கிடையாது. அத்தையிடம் க்ரூப் கதையை விளக்கிவிட்டேன், கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மாமா மகள் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்கிறாள். பல்லிட்டோ பக்கம் களிமண் தட்டு சுடப் போகிறவள், தகுதிச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கிறது.

02.04.2023, டொங்காட்

நல்ல அளவுகள். நூறு வருடத்துத் துப்பாக்கியில் 0.7 என்றால் யாரும் உள்ளே தேய்த்துத் தள்ளவில்லை. மாமா கவனமாக வைத்திருந்தவர் என்று இதிலேயே தெரிகிறது.

அவள் விண்ணப்பிக்கும் முன் இரண்டு வேலை. மாமாவின் லைசன்ஸில் உள்ள எண்ணையும் துப்பாக்கியில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ரகத்தில் குழலில் ஒரு எண், உடம்பில் ஒரு எண், முன்கட்டை இரும்பில் ஒரு எண் என்று இருக்கும். 18.3 என்பதையே சீரியல் எண் என்று எழுதிவைத்த அட்டையும் என் கண்ணில் பட்டிருக்கிறது. எண் பொருந்தாவிட்டால் நிர்வாகி இப்போதே ஸ்டேஷனில் உள்ள துப்பாக்கி அதிகாரியிடம் போய்ச் சரிசெய்துவிடட்டும். விண்ணப்பம் உள்ளே போன பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

அடுத்தது அந்த விரிசல். கட்டை இரும்போடு சேரும் தலைப்பகுதியில் வருடக்கணக்காக எண்ணெய் இறங்கி மரம் ஊறிப்போயிருக்கும். எண்ணெயை இழுத்து எடுக்காமல் பசை போட்டால் ஒட்டாது. ஒட்டி முடிக்கும் வரை ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு உதையும் அந்த விரிசலை ஆப்பு வைத்த மாதிரி பிளக்கும், புதுக் கட்டை செய்கிற கூலி துப்பாக்கியின் விலையைவிட அதிகம். அப்புறம் 65 மி.மீ. லேசான தோட்டா ஒரு பெட்டிக்குக் கடையில் இப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள், எல்லா நாளும் கையிருப்பில் இருக்காது.